யாருக்கு மெதுவா?

அவர் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நேரம் ஓடத் தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். பள்ளி ஓட்டப்பந்தயங்களுக்காக அவருடைய அண்ணன் வாங்கியது. அண்ணன் ஓடுவதை விட்டுவிட்டார், கடிகாரம் தங்கையிடம் வந்து சேர்ந்தது. யாராவது கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவருடைய இடது கை தானாகத் திரும்பும், வலது கட்டைவிரல் பொத்தானைத் தேடும். கூடவே அந்தக் கேள்வி வரும்.

“யாருக்கு மெதுவா?”

டிஸ்க்கும் மெமரியும் விற்பது அவர் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் அந்த வேலையில் பெண்களே குறைவு. தமிழ்ப் பெண் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நிறைய விற்றிருப்பார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் படித்து முடித்துவிட்டு, சிராங்கூன் சாலைக்குப் பின்புறத் தெரு ஒன்றில் ஓர் அறக்கட்டளை நடத்திய கண் கிளினிக்கில் சேர்ந்திருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருந்தன. கீழ்த்தளத்தில் ஐந்து பதிவுக் கவுண்ட்டர்கள், ஐந்து பச்சைத் திரைகள். காலை ஒன்பது மணி ஆனால் ஐந்தும் உறைந்து நிற்கும். வரிசை வாசலைத் தாண்டி ஐந்தடி நடைபாதையில் பூக்கடைவரை போகும். கண் சரியாகத் தெரியாதவர்கள் நிற்கும் வரிசை அது.

நிர்வாகி என்னை அழைத்து, என்ன வாங்க வேண்டுமோ எழுதிக் கொடு என்றார். நான் பட்டியல் போடுகிறவள். மெதுவாக இருப்பதற்கான காரணங்கள் என்று பதினான்கு எழுதி, கோடு போட்டுக் கட்டம் பிரித்து, ஒரு மாதம் அளந்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். ஒன்றுதான் மிஞ்சியது: டிஸ்க்.

அந்தக் காலத்து டிஸ்க்கைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு ஒரு பெட்டி; உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள் சுழலும்; தட்டுகளின் மேல் ஒரு கை முன்னும் பின்னும் நகர்ந்து தேவையானதைப் படிக்கும். எங்கள் கம்ப்யூட்டரின் மூளை பெரும்பாலான நேரம் சும்மா இருந்தது. டிஸ்க்கின் கை மட்டும் ஓய்வில்லாமல் ஓடியது. ஆகவே வேகமான கை வேண்டும், ஆகவே புது டிஸ்க். என் அறிக்கையில் எனக்குப் பெருமை இருந்தது. அதைப் படித்துவிட்டு விலை சொல்லத்தான் அவரை அழைத்திருந்தோம்.

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பத்தரை ஆயிற்று. பத்தே முக்காலுக்கு மூன்றாம் கவுண்ட்டர் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

“இவங்க பேஷண்ட் இல்லையாம். உங்களப் பாக்க வந்தாங்களாம்.”

கவுண்ட்டர் முன்னால் நீல நிறப் பாவாடையும் சட்டையும் போட்ட ஒரு பெண், கையில் வாசல் காவலாளி கொடுக்கும் நம்பர் அட்டையோடு நின்றார். தோளில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை தொங்கியது.

“நேரா மேல கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்திருக்கலாமே?” என்றேன்.

“மேல வந்தா ஏசி குளிருதுன்னுதான் தெரியும். இங்க நாப்பத்தோரு நிமிஷம் உக்காந்தேன். பக்கத்துல ஒரு சீன அம்மா எனக்குப் பாதி பாவ் ரொட்டி கொடுத்தாங்க. ரொம்ப நேரம் ஆகும், சாப்பிடுன்னாங்க.” பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “அந்த அம்மாவுக்குக் கவுண்ட்டர்ல ஆறு நிமிஷம். அதுக்கு முந்தின ஆளு அரை நிமிஷத்துல போயிட்டாரு. ஏன்?”

“டிஸ்க் மெதுவா இருக்கு. அறிக்கையில எழுதியிருக்கேன்.”

“யாருக்கு மெதுவா?”

முட்டாள்தனமான கேள்வி என்று எனக்குப் பட்டது. “எல்லாருக்கும்தான்.”

“இல்ல லா” என்றார், சிங்கப்பூர் வழக்கில். “அந்த அரை நிமிஷக்காரருக்கு இல்லையே.”

அவரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தவை அதிகம் இல்லை. தீவின் கிழக்கு ஓரத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குத் தவறாமல் போவார். பாடகர் குழுவில் பாடினார், ஆனால் நன்றாகப் பாடவில்லை என்று தானே சொல்லிக்கொள்வார். எங்கே போனாலும் பொதுமக்கள் வாசல் வழியாகத்தான் நுழைவார். கம்ப்யூட்டர் அறைக்குள் போகும்போது கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடுவார். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யார் கேட்டாலும், “லைன்ல நிக்கிறேன், நம்பர் இன்னும் கூப்பிடல” என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவரும் சிரிப்பார்.

விற்காமல் விட்ட கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. எனக்குப் பிடித்தது ஒரு துணி மொத்த வியாபாரியின் கதை. அந்தக் கடையில் தினமும் மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் படுத்துவிடும். பில் போடுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி பெரிய டிஸ்க்கும் இரண்டு மடங்கு மெமரியும் வாங்கத் தயாராக இருந்தார். இவர் போய் மூன்று நாள் பில் போடும் பெண்ணின் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். முதலாளி மூன்றரைக்குத் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், குடிப்பவர். குடிக்கும்போது சரக்கு இருப்பு அறிக்கையைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் அவருக்கு. அதற்காக மூன்று மணிக்கு யாரோ அந்த அறிக்கையை ஓடவிடுவார்கள். டிஸ்க்கில் உள்ள அத்தனை துணியையும் எண்ணிவிட்டுத்தான் அது ஓயும்.

“நான் போய், பாஸ், காலையில கோப்பி குடிக்கிறப்போ அந்தப் பேப்பரப் பாருங்களேன்னு சொன்னேன். கோப்பிக்கு நான் நியூஸ்பேப்பர் படிப்பேன்னாரு. அப்ப நியூஸ்பேப்பர மூணரைக்குப் படிங்கன்னேன்.”

“ஒத்துக்கிட்டாரா?”

“ஒரு வாரம் என்னோட பேசல. அப்புறம் எனக்கு ஒரு புடவை கொடுத்தாரு. நான் புடவை கட்டறதே இல்ல. ஆர்டர் கொடுத்திருந்தா உதவியா இருந்திருக்கும்.”

அதைச் சொன்ன அன்று நாங்கள் தேக்கா சந்தையின் மேசை ஒன்றில் பிராட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஆர்டர் விஷயத்தையும் சொன்னார், பிராட்டாவைப் பிய்த்துக்கொண்டே, பஸ் தாமதமானதைச் சொல்வதுபோல. அந்த ஆண்டு அவர் பெயரில் பெரிய ஆர்டர் ஒன்றும் இல்லை. ஆண்டு முடிவதற்குள் ஒன்றாவது வராவிட்டால் விற்பனைப் பிரிவிலிருந்து எடுத்து, ஜூரோங் கிடங்கில் உதிரிப் பாகங்கள் கொடுக்கும் கவுண்ட்டருக்கு அனுப்பப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டார். கையில் இருந்தது எங்கள் கிளினிக் ஆர்டர் ஒன்றுதான்.

“அப்ப இது கண்டிப்பா வரும்க்கா. என் அறிக்கை போயாச்சு” என்றேன்.

அவர் கறிக்குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

மறுவாரம் மறுபடி வந்தார். மறுபடி நம்பர் அட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை மடியில் ஒரு நோட்டு. இரண்டு காலைகள் அப்படி. பிறகு என்னிடம் நோட்டைக் காட்டினார். மெதுவாகப் போனவர்கள் பக்கத்தில் ஒரு கோடு, வேகமாகப் போனவர்கள் பக்கத்தில் ஒரு புள்ளி. எங்கள் கிளினிக் நோயாளிகளுக்கு ஒரு சிறிய அட்டை கொடுத்திருந்தோம், அதில் எண் இருக்கும். அட்டை கொண்டு வந்தவர்கள் எல்லாரும் புள்ளி. அட்டையை மறந்துவிட்டு வந்தவர்களைப் பெயரை வைத்துத் தேட வேண்டும். அவர்களிலும் பலர் புள்ளிதான். கோடு விழுந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அட்டை கொண்டு வராத, வயதான பெண்கள்.

“உன் டிஸ்க்குக்கு வயசான பொம்பளைங்களப் பிடிக்காதாமா?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் பதினான்கு காரணங்களில் அப்படி ஒன்று இல்லை.

பதிவுப் பகுதியின் தலைவி பாக்கியம் மேடம். கொண்டையில் மல்லிகை, மூக்கில் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு பென்சில். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவருக்கு என்னைப் பிடிக்காது. கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தவளே நான்தான் என்று நினைத்தார். விற்க வந்தவரை இன்னும் பிடிக்கவில்லை. வரிசையில் சும்மா வந்து உட்கார்ந்து நாற்காலியை அடைக்கிறார் என்று காவலாளியிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

அவரிடம் போய் இவர் கேட்டது இதுதான்: “மேடம், இந்தப் பெட்டி வரதுக்கு முன்னால பேர வச்சு எப்படித் தேடுவீங்க?”

பாக்கியம் மேடம் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

பின்தாழ்வாரத்தில் பழைய இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. நான் தினமும் அவற்றைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போவேன். அன்றுதான் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தேன். டான் என்ற குடும்பப் பெயருக்கு மட்டும் ஓர் அலமாரி முழுதும். லிம்முக்கும் லீக்கும் இன்னொன்று. முகமதுகளுக்கு மூன்று இழுப்பறைகள். முத்து என்று தொடங்கும் தமிழர்களுக்கு ஒன்று, அது முட்டிக்கொண்டு சரியாக மூடாமல் இருந்தது. கியூவுக்கும் எக்ஸுக்கும் சேர்த்து ஒரே இழுப்பறை. அதிலும் பாதி இடத்தில் ஒரு மைலோ டின்.

“டின் என்னோடது” என்றார் பாக்கியம் மேடம்.

நான் அலமாரிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் டேட்டாபேஸ் வெளிநாட்டில் எழுதப்பட்டது. பெயரின் முதல் மூன்று எழுத்துக்கு ஒரு பை என்று டிஸ்க்கில் இடம் ஒதுக்கும். எல்லாப் பைகளும் ஒரே அளவு. ஒரு பை நிரம்பினால், மிச்சப் பெயர்களை டிஸ்க்கின் கோடியில் கொண்டுபோய்ப் போடும். அங்கே கிடப்பவரைத் தேட, கை ஒவ்வொரு பெயராகத் தொட்டுத் தொட்டுக் கோடிவரை போக வேண்டும். அதுவரை மற்ற நான்கு கவுண்ட்டர்களும் காத்திருக்கும். பல ஊர்க் குடும்பப் பெயர்கள் பரவலாக விழும் நாட்டுக்கு அது சரி. இங்கே பாதி ஊரே நான்கைந்து பைகளுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அது வயதான பெண்களை விளக்கவில்லை. அதை அவர்தான் கேட்டார்.

“கம்ப்யூட்டர் சீட்டுல இந்த வயசானவங்க பேர் எல்லாம் மேடம்னு ஆரம்பிக்குது. இங்க மேடம்னு ஒரு அலமாரி இல்லையே?”

“மேடம்கிறது பேரா? மரியாதை. அட்டையில பேருக்கு முன்னால பென்சில்ல எழுதுவோம். அடுக்கறது பேர வச்சுத்தான். இது கூடத் தெரியாதா?”

“அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏன் பேரோட சேத்துப் போட்டீங்க?”

பாக்கியம் மேடம் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். “இந்தப் பொண்ணு கொடுத்த திரையில பேருக்கு மட்டும்தான் இடம் இருக்கு. அதுல என்ன அடிக்கிறோமோ அதுதான் சீட்டுல வருது. அதத்தான் நர்ஸ் சத்தமாப் படிக்கிது. முதல் வாரம் எழுபது வயசு அம்மாவ, ஸ்கூல் பிள்ளையக் கூப்பிடற மாதிரி வெறும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. அந்த அம்மா எந்திரிக்கவே இல்ல. மத்தியானம் வரைக்கும் அப்படியே உக்காந்திருந்துட்டுப் போயிட்டாங்க. திரும்பி வரவே இல்ல. அன்னைக்கு எல்லாருக்கும் சொன்னேன், பெரியவங்களுக்கு மேடம் போடாம ஒரு சீட்டும் வெளிய போகக்கூடாதுன்னு.”

ஆங்கிலத்தில் சுருக்கமாக எம், டி, எம். மூன்றே எழுத்து. கிளினிக்குக்கு வந்த வயதான பெண்கள் அத்தனை பேரும், சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடு இல்லாமல், ஒரே பைக்குள் போய்விட்டார்கள். வழிந்து வழிந்து டிஸ்க்கின் கோடிவரை நின்றார்கள். வெளியே நடைபாதையில் நின்ற அதே வரிசை உள்ளேயும் நின்றது.

பதினைந்தாவது காரணம் பின்தாழ்வாரத்தில் இருந்தது. நான் ஒரு மாதம் மாடியில் அளந்துகொண்டிருந்தேன்.

அவர் பாக்கியம் மேடத்திடம், மேடம் என்று போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “மரியாதைக்குத் தனியா ஒரு இடம் வேணும், அவ்ளோதான். திரையில இங்க ஒரு கட்டம் போட்டா சீட்டுல பேருக்கு முன்னால வரும். அடுக்கறது உங்க அலமாரி மாதிரி. சரியா?” என்றார்.

“அத முதல்லயே செஞ்சிருக்கணும்” என்றார் பாக்கியம் மேடம், என்னைப் பார்த்து.

அன்று மாலை அவரைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிடப் போனேன். என் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

“அக்கா, அறிக்கைய அப்படியே விட்டுடறேன். டிஸ்க் வாங்கட்டும். பேர் விஷயத்தையும் நாம சத்தமில்லாமச் சரி பண்ணிடலாம். ரெண்டும் நல்லதுதானே? உங்களுக்கு ஆர்டர் ஆச்சு. எனக்கும்...”

“உனக்கும் அறிக்கை தப்புன்னு சொல்ல வேண்டாம்.”

“ஆமா” என்றேன். மறைத்துப் பயனில்லை.

அவருடைய பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை.

“வேகமாயிடும்மா. அது நிச்சயம். எதனால வேகமாச்சுன்னு கேட்டா எல்லாரும் என்ன சொல்வாங்க? புது டிஸ்க்குன்னுவாங்க. ரெண்டு வருஷத்துல மறுபடி மெதுவாகும். இன்னொரு டிஸ்க் வாங்குவாங்க. பாக்கியம் மேடத்த அப்பவும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

“உங்க வேலை?”

“ஜூரோங்லயும் நாற்காலி போட்டிருக்காங்க. நான் கேட்டுட்டேன்.” பிறகு அடுத்த பஸ்ஸின் எண்ணைப் பார்த்துக்கொண்டே, “தூரம்தான் கொஞ்சம்” என்றார். அவ்வளவு நாளில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே குறை அது.

வியாழக்கிழமை கூட்டம். நிர்வாகி, நான், டிஸ்க் விற்கும் நிறுவனத்திலிருந்து அவரும் அவருடைய மேலாளரும். மேலாளர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஆர்டர் தாள் டைப் அடித்துத் தயாராக மேசையில் இருந்தது, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு குறி. நிர்வாகி என் அறிக்கையைத் தட்டி, “இதுதானே, வாங்கிடலாமா?” என்றார்.

விற்க வந்தவர் என்னை முறைக்கவில்லை. இடது கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். என் அறிக்கை தவறு என்று சொன்னேன். தாழ்வாரத்து அலமாரிகளைப் பற்றிச் சொன்னேன். டிஸ்க்கின் கை ஓடுகிறது என்பதை அளந்தேன், ஏன் ஓடுகிறது என்பதைக் கேட்கவில்லை என்று சொன்னேன். புது டிஸ்க் இப்போது வேண்டாம் என்றேன். மேலாளர் என்னைப் பார்க்கவில்லை, தன் விற்பனையாளரைப் பார்த்தார். ஆர்டர் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நாலு நிமிஷம் பேசினே” என்றார் அவர், படிக்கட்டில் இறங்கும்போது கடிகாரத்தைப் பார்த்து. “அதுல முதல் ஒன்றரை நிமிஷம் ஒண்ணுமே பேசல.”

அடுத்த சனியும் ஞாயிறும் கிளினிக் மூடியிருந்தபோது வேலையைச் செய்தோம். ஆர்டர் இல்லாத இடத்துக்கு அவர் வரவேண்டிய அவசியமே இல்லை. ஞாயிறு பூசை முடிந்து, தலையில் போட்ட லேஸ் முக்காட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தார். எந்தப் பெயருக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் ஒரு சூத்திரம் எழுதி வைத்திருந்தேன். அவர் தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து, அட்டைகள் எத்தனை அங்குலம் என்று அவர் அளக்க, பாக்கியம் மேடம் பென்சிலால் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் மேடத்தை யாரும் வரச் சொல்லவில்லை. தாமாகவே வந்திருந்தார், மத்தியானச் சாப்பாட்டை மூன்று அடுக்குத் தூக்கில் எடுத்துக்கொண்டு.

அங்குலக் கணக்கை வைத்துத்தான் டிஸ்க்கைப் பிரித்தோம். அதிகம் தேடப்படும் பெயர்களை டிஸ்க்கின் நடுப்பகுதியில் வைத்தோம், கை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதிக தூரம் போக வேண்டாம் என்று. பிற்பாடு என் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அதே விடைதான்.

திங்கட்கிழமை வரிசை பூக்கடைவரை போகவில்லை. வாசலைக்கூடத் தாண்டவில்லை. பாக்கியம் மேடம் திரையைப் பார்த்துவிட்டு, “ஹும், பரவால்ல” என்றார்.

புத்தாண்டு பிறந்ததும் அவர் ஜூரோங்குக்குப் போய்விட்டார்.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். நான் குடியிருந்த தோ பாயோவிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். பெரிய கிடங்கின் ஓரத்தில் கம்பி வலை போட்ட ஜன்னல், அதற்குப் பின்னால் அவர். லாரி ஓட்டி வருகிறவர்கள், “ஹலோ, ஹலோ” என்று ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பெயர் இருப்பதாகவே அங்கே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. கத்தரிப்பூக் கம்பளிச் சட்டை ஆணியில் தொங்கியது. அந்த இடத்தில் மின்விசிறிதான், குளிர்சாதனம் இல்லை.

நான் வருத்தப்படத் தயாராகப் போயிருந்தேன். அவர் ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். எந்த டிஸ்க் எந்த மாதம் பழுதாகித் திரும்பி வந்தது, எந்தப் பாகம் போனது, மாற்றுப் பாகம் கிடங்கில் இருந்ததா அல்லது விமானத்தில் வர எத்தனை நாள் ஆனது, அத்தனையும் கோடுகளும் புள்ளிகளுமாக.

“விக்கிறப்போ எனக்கு எது நல்ல டிஸ்க்குன்னே தெரியாதும்மா. புத்தகத்துல போட்ட வேகத்தச் சொல்லிட்டு இருந்தேன். இங்க உக்காந்தாத்தான் எது திரும்பி வருதுன்னு தெரியுது.”

அதிலிருந்து, வாங்குவதற்கு முன்னால் அவருக்கு ஃபோன் செய்வது பலருக்குப் பழக்கமாயிற்று. அவருடைய நிறுவனத்து விற்பனையாளர்களே ரகசியமாகக் கேட்பார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு ஆண்டு கழித்து எங்கள் டிஸ்க் உண்மையாகவே நிரம்பியபோது நானும் கேட்டேன். யாருக்கு மெதுவா என்று கேட்டார். கோடும் புள்ளியும் போட்ட என் நோட்டைப் பார்த்துப் பதில் சொன்னேன். “இப்ப வாங்கு” என்றார். “பெருசா ஒண்ணு வாங்காத. சின்னதா ரெண்டு வாங்கு. பேர் தேடற பட்டியல் ஒண்ணுல, ஆளோட விவரம் இன்னொண்ணுல. ரெண்டு கை ஒரே நேரத்துல வேலை செய்யும். வேகமானது வேண்டாம், அதுக்கு அடுத்தது. அதுக்குப் பாகம் இங்க அலமாரியில இருக்கு, என் கண்ணுக்கு முன்னால.” நிர்வாகியிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். யார் சொன்னது என்று மட்டும் அவர் கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆர்டர் வேறு யாரோ ஒருவர் பெயரில் போயிற்று.

கடைசியாக அவரைப் பார்த்தது புது டிஸ்க்குகள் வந்த சில மாதங்களுக்குப் பிறகு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதே கால். நான் ஏதோ வேலையாகக் கீழே இறங்கினேன். நோயாளிகள் நடுவில், நம்பர் அட்டையோடு, அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

“கிடங்குத் தூசி” என்றார். “உண்மையான பேஷண்ட்தான் இன்னைக்கு. போன மாசம் வந்தப்பவே பேர் பதிஞ்சுட்டேன், அன்னைக்கு நீ லீவு.”

“அட்டை?”

“கொண்டு வரல” என்றார், சிவந்த கண்ணோடு சிரித்துக்கொண்டு. “வேணும்னுதான்.”

அவர் நம்பர் வந்தது. மூன்றாம் கவுண்ட்டர். அவர் பெயரைச் சொன்னதும் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியதைப் பார்த்தேன். பதிவுக்காரப் பெண் பெயரை அடிக்கப் போனபோது பாக்கியம் மேடம் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். தேடினார். கிடைத்தது. பிறகு புதுக் கட்டத்தில், போன மாதம் யாரோ போட்டிருந்த மிஸ் என்பதை அழித்துவிட்டு மூன்று எழுத்து அடித்தார். அச்சு இயந்திரம் கரகரவென்று சீட்டைத் தள்ளியது.

அவர் சீட்டை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“மேடமா? நான் இன்னும் மிஸ்தான் லா.”

“கல்யாணத்தக் கேட்டு நான் போடறது இல்ல” என்றார் பாக்கியம் மேடம். “யாருக்குப் போடணும்னு எனக்குத் தெரியும். போய் உக்காருங்க, கூப்பிடுவாங்க.”

அவர் போய் உட்கார்ந்தார். சீட்டை மடிக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, கூடம் முழுதும் கேட்கும்படி மேடம் என்று தொடங்கி அவருடைய முழுப் பெயரையும் படித்தார். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார்.

“எவ்ளோ நேரம்க்கா ஆச்சு, தேடறதுக்கு?” என்றேன்.

அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்த மறந்துட்டேன்” என்றார்.